கோசாலைக்கு உதவும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் ஊர்க் கோவிலை ஒட்டி நடக்கும் கோசாலைக்கு ஆண்டுதோறும் குடும்பத்தின் சார்பில் ஒரு தொகை கொடுத்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே மாடுகள் நலமாக இருக்கின்றனவா என்பதை மருத்துவர் அல்லாத ஒருவர் எப்படி அறிவது, நல்ல கோசாலையில் என்னென்ன நடைமுறைகள் இருக்க வேண்டும், அமாவாசைக்கு அகத்திக்கீரை கொடுப்பது சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு கால்நடை மருந்தகங்களில் பணியாற்றியவன் என்ற முறையிலும், பணிக்காலத்திலும் ஓய்வுக்குப் பிறகும் பல கோசாலைகளுக்குச் சிகிச்சைக்காகச் சென்று வந்தவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன். கடைசிக் கேள்விக்கான பதில் தீவனத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் தொடங்கி முடிவில்தான் நிறைவு பெறும்.

கோசாலைக்கு வந்து சேரும் மாடுகள் பெரும்பாலும் யாருக்கும் வேண்டாதவை. பால் வற்றியவை, சினை பிடிக்காதவை, காளைக்கன்றுகள், சாலையில் அடிபட்டவை, நேர்த்திக்கடனாக விடப்பட்டவை ஆகியவைதான் அங்கே மிகுதி. ஒரு பசு இயல்பாக 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. அதில் பால் கறக்கும் காலம் போக எட்டுப் பத்து ஆண்டுகள் எந்த வருமானமும் தராமல் அது உண்டு வாழ வேண்டியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு, உரிமையாளர் இல்லாமல் திரியும் மாடுகள் நாட்டில் 50 லட்சம் என்று பதிவு செய்தது. இத்தகைய மாட்டை கசாப்புக்குப் போகாமல் மீட்டுவிட்டால் புண்ணியம் முடிந்துவிட்டது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் பொறுப்பு அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் மீட்கப்பட்ட மாடு அடுத்த பத்தாண்டுகளின் ஒவ்வொரு நாளையும் அந்தக் கொட்டகைக்குள் எப்படிக் கழிக்கிறது என்பதை இனி முழுவதும் நாமே தீர்மானிக்கிறோம்.

உலக அளவில் விலங்குநலம் பேசுபவர்கள் அடிப்படையாகக் கொள்ளும் ‘ஐந்து விடுதலைகள்’ என்ற கருத்து, பிரிட்டனில் 1965-இல் வெளியான பிராம்பெல் குழு அறிக்கையில் வேர்கொண்டு, 1979-க்குப் பிறகு இன்றைய வடிவத்தை அடைந்தது. பசி தாகம், இருப்பிடத்தின் துன்பம், வலியும் நோயும், அச்சம் ஆகியவற்றிலிருந்து விடுதலையும், தன் இனத்துக்குரிய இயல்போடு நடந்துகொள்ளும் உரிமையுமே அந்த ஐந்து. நம் கோசாலைகளில் பசியைப் பற்றிய அக்கறை ஓரளவு உண்டு. நோய்க்கு மருத்துவரையும் அழைக்கிறார்கள். மாடு படுக்கும் இடமும், அது நடக்கவும் உரசவும் மற்ற மாடுகளோடு சேர்ந்து இருக்கவும் வேண்டிய தேவையும்தான் பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமல் போகின்றன.

ஆகவே முதலில், மாட்டுப் பொங்கலன்றோ கோபூஜை நாளிலோ போய்ப் பார்க்காதீர்கள். அன்று எல்லாம் கழுவி, கொம்புக்கு வண்ணம் பூசி, முன்வரிசையில் நல்ல மாடுகளைக் கட்டியிருப்பார்கள். ஒரு சாதாரண நாளில், மதியம் ஒரு மணி அளவில் போய், யாரோடும் பேசாமல் அரைமணி நேரம் ஓர் ஓரமாக நில்லுங்கள். முடிந்தால் சித்திரை வெயிலில் ஒரு முறையும் ஐப்பசி அடைமழையில் ஒரு முறையும் போங்கள். நலமாக இருக்கும் மாடு ஒரு நாளில் 10 முதல் 12 மணி நேரம் படுத்திருக்கும். 7, 8 மணி நேரம் அசைபோடும். மதிய வேளையில் பாதிக்கு மேற்பட்ட மாடுகள் படுத்து, கண்ணைப் பாதி மூடி, அசைபோட்டுக்கொண்டிருந்தால் அந்த இடம் ஏறத்தாழ நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம். தீவன நேரமும் இல்லாமல் பெரும்பாலான மாடுகள் வெறுமனே நின்றுகொண்டே இருந்தால், படுக்க இடமில்லை, அல்லது இருக்கும் இடம் படுக்கத் தகுதியாக இல்லை என்று பொருள்.

அதன்பின் மாட்டின் உடலைப் பாருங்கள், ஏனென்றால் பொறுப்பாளர் சொல்ல மறந்ததையும் அது சொல்லிவிடும். முன்முழங்காலிலும் பின்னங்காலின் நடுமூட்டிலும் முடி உதிர்ந்து, தோல் தடித்து, வீங்கியிருந்தால் தரை கடினமானது. தொடையிலும் மடியிலும் சாணம் அப்பிக் காய்ந்து ஓடுபோல ஒட்டியிருந்தால் அது ஈரத்தில் படுக்கிறது. கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் லேசாகத் தெரிவது நாட்டு மாட்டில் இயல்பானதே. ஆனால் எல்லா விலாவும் தெரிந்து, இடுப்பெலும்பு முளைபோல் துருத்தி, வாலடியின் இருபுறமும் குழி விழுந்திருந்தால் பல மாதங்களாகத் தீவனம் போதவில்லை. குளம்பு செருப்புபோல நீண்டு முன்பக்கம் வளைந்திருந்தால் அது நடந்து வெகுகாலம் ஆகிறது, குளம்பைச் செதுக்கவும் ஆளில்லை. கழுத்தில் கயிறு அறுத்த புண்ணும், மூக்கணாங்கயிற்றுத் துளையில் சீழும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒரு மாட்டின் முன்னால் கையைத் தாழ்த்திக்கொண்டு மெதுவாக நடந்து செல்லுங்கள். அன்பாகக் கையாளப்படும் மாடு முகர்ந்து பார்க்கும், அல்லது தொடும் தூரம் வரை நிற்கும். நான்கைந்து அடிக்கு அப்பாலேயே தலையைத் தூக்கி மிரண்டு விலகும் மாடுகள் நிறைய இருந்தால், அங்கே தடி அதிகம் பேசுகிறது.

மிக முக்கியமாக, கோசாலையின் பின்பக்கத்துக்குப் போங்கள். நலிந்த மாடுகளையும் நோயுற்றவற்றையும் அங்கேதான் வைத்திருப்பார்கள். முன்கொட்டகையில் இருக்கும் கொழுத்த காங்கேயம் காளையை வைத்து நான் ஒரு கோசாலையையும் மதிப்பிட்டதில்லை.

தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நன்கொடையாளர்களின் பெயர் பொறித்த கல்வெட்டோடு கட்டப்படும் கொட்டகைகளில் கான்கிரீட் தரைதான் போடுகிறார்கள். கழுவ எளிது என்பது அதற்குச் சொல்லும் காரணம். 300 கிலோ எடையுள்ள மாடு படுக்கும்போது முதலில் முன்முழங்காலை ஊன்றித்தான் இறங்குகிறது. அந்தத் தரையில் நீங்களே நின்ற நிலையிலிருந்து முழங்காலை ஊன்றி இறங்கிப் பாருங்கள். வலித்தால் மாட்டுக்கும் வலிக்கும், உங்கள் வேட்டி நனைந்தால் மாட்டின் மடியும் நனைகிறது. நம் பழைய தொழுவங்களில் மண்தரையைச் செம்மண்ணோ கிராவலோ கொட்டி ஆண்டுக்கொரு முறை புதுப்பித்ததும், இரவில் மாடு மிச்சம் வைத்த வைக்கோலைத் தரையிலேயே பரப்பியதும் அறிந்து செய்த வேலைகள். தீவனத் தொட்டியருகே மட்டும் சொரசொரப்பான, வாட்டமுள்ள கான்கிரீட்டும், படுப்பதற்கு மர நிழலோடு கூடிய மணல் அல்லது மண் முற்றமும் இருப்பதே நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற அமைப்பு. ரப்பர் விரிப்பு உதவும். ஆனால் அதன்மேல் சிறுநீர் தேங்கினால் பயனில்லை.

இட அளவுக்கு நம் நாட்டில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் கணக்கு, வளர்ந்த பசு ஒன்றுக்குக் கூரையின்கீழ் 3.5 சதுர மீட்டர், திறந்தவெளியில் 7 சதுர மீட்டர் என்பது. கன்று ஈனும் பசுவுக்கும் பொலிகாளைக்கும் தனியே கூரையின்கீழ் 12 சதுர மீட்டர் வேண்டும். இதன்படி நூறு மாடுகளுக்குக் கொட்டகையும் முற்றமும் மட்டுமே 1,050 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 26 சென்ட் நிலம் பிடிக்கும். வைக்கோல் போர், எருக்குழி, மருத்துவக் கொட்டில் எல்லாம் இதற்கு மேல். உங்கள் கோசாலையில் எத்தனை மாடுகள், எத்தனை சென்ட் என்று கேட்டால் அங்கேயே நின்று கணக்குப் போட்டுவிடலாம்.

இடம் குறையும்போது மாடுகளை நாள் முழுவதும் கட்டிப் போடுகிறார்கள். இரண்டு முழக் கயிற்றில் ஆண்டுக்கணக்கில் ஒரே முளையில் நிற்கும் மாடுகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றுக்குத் திரும்பித் தன் விலாவை நக்கிக்கொள்ளக்கூட வழியிருக்கவில்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, நியாயமற்ற அளவுக்குக் குட்டையான கயிற்றில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பதையும், உரிமையாளர் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராமல் விடுவதையும் குற்றமாகவே சொல்கிறது. கோசாலை என்பதற்காக இதில் விலக்கு எதுவும் இல்லை. அந்தச் சட்டத்தின்கீழ் 1962-இல் அமைந்த இந்திய விலங்குநல வாரியத்துக்கு ருக்மிணி தேவி அருண்டேல் முதல் தலைவராக இருந்ததும், அதன் தலைமையகம் பல பத்தாண்டுகள் சென்னையில் இயங்கியதும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பால் கறக்கவும் மருந்து கொடுக்கவும் தவிர மற்ற நேரங்களில் மாடுகளை அவிழ்த்து விடுவதே நல்லது. அது இயலாத இடத்தில் பகலில் சில மணி நேரமாவது முற்றத்தில் நடமாட விட வேண்டும். அப்படி அவிழ்த்து விடும்போது, முட்டும் மாடுகளையும் பெரிய கொம்புள்ளவற்றையும் நோஞ்சான்களிடமிருந்து பிரிப்பதும், தண்ணீர்த் தொட்டியை ஒரே மூலையில் வைக்காமல் இரண்டு இடங்களில் வைப்பதும் தேவை. இல்லாவிட்டால் கூட்டத்தில் கடைசி நிலையில் உள்ள மாடு தொட்டியை நெருங்கவே அஞ்சி, கோடையில் தாகத்தோடு நிற்கும்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு பழைய வழக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முப்பத்திரண்டு அறங்கள் என்று நம் முன்னோர் எண்ணி வைத்தவற்றில் ஆவுரிஞ்சு கல் நடுவதும் ஒன்று. மேய்ச்சல் நிலத்திலும் குளக்கரையிலும் மாடு தன் உடலை உரசித் தினவு தீர்த்துக்கொள்வதற்காக ஆளுயரக் கல்லை நட்டு வைத்தார்கள். ஆதீண்டு குற்றி என்றும் அதற்குப் பெயர். வெளிநாட்டுப் பண்ணைகளில் இன்று மின்சாரத்தில் சுழலும் தூரிகைகளைப் பொருத்தி, மாட்டின் இயல்பான நடத்தைக்கு வழி செய்துவிட்டதாகப் பெருமைப்படுகிறார்கள். சோறும் நீரும் மட்டும் போதாது, மாட்டுக்கு முதுகு சொறிந்துகொள்ளவும் வேண்டும் என்று கண்டு, அதை அறத்தின் பட்டியலிலேயே சேர்த்த ஊர் நம்முடையது. உங்கள் கோசாலை முற்றத்தில் அப்படி ஒரு கல்லோ, தென்னை நார் சுற்றிய ஒரு மரத்தூணோ நடுவதற்குப் பெரிய செலவு ஆகாது.

வெயிலைப் பொறுத்தவரை, காங்கேயமும் உம்பளச்சேரியும் புலிக்குளமும் தாங்கும் வெப்பத்தை ஜெர்சி, பிரீசியன் கலப்பின மாடுகள் தாங்குவதில்லை. இன்று கோசாலைகளுக்கு வருபவற்றில் பல கலப்பினமே. தாழ்வான தகரக் கூரையின்கீழ் நண்பகலில் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்து நிற்கும் மாடு கண் முன்னே துன்பப்படுகிறது. கூரையை உயர்த்துவது, தகரத்தின்மேல் தென்னங்கீற்று வேய்வது அல்லது வெள்ளை பூசுவது, வேம்பும் புங்கையும் வளர்ப்பது ஆகியவை போதுமான பலன் தரும். கோடையில் ஒரு மாடு நாளொன்றுக்கு 50 முதல் 70 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். தொட்டியைக் கழுவி வாரம் ஒருமுறை சுண்ணாம்பு அடிப்பதும், நாள் முழுவதும் அதில் நீர் நிற்பதும் தவிர்க்கக் கூடாதவை.

இனி தீவனம். பக்தர்களின் நல்லெண்ணம் மாட்டுக்குத் தீங்காக மாறுவது இங்கேதான். மாட்டின் முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் மெல்ல நொதிக்க வைக்கின்றன. மாடு உண்மையில் அவற்றுக்கு உணவிட்டு, அவை தருவதில்தான் வாழ்கிறது. திடீரென்று ஒரு பாத்திரம் சர்க்கரைப் பொங்கலோ, சோறோ, ஒரு தார் வாழைப்பழமோ உள்ளே போனால், மாவுச்சத்து வேகமாகப் புளித்து அமிலம் பெருகி, அந்த நுண்ணுயிர்கள் மடிந்து, மாடு அசைபோடுவதை நிறுத்தி, புளித்த வாடையோடு நீராகக் கழிந்து படுத்துவிடும். 2024 ஜூனில் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் ஒரு பண்ணையில் பரோட்டாவும் பலாப்பழமும் அளவுக்கு மீறித் தின்ற ஐந்து பசுக்கள் இறந்தன. அன்னதானத்தில் மிஞ்சியதைக் கோசாலைக்கு அனுப்பும் வழக்கம் உங்கள் கோவிலில் இருந்தால், அதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பசுவுக்கு ஒரு வாயுறை என்று பெரியவர்கள் சொன்னது ஒரு வாய் புல்லைத்தான். நூறு பேர் ஒரே நாளில் நூறு பாத்திரம் நீட்டுவார்கள் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

அகத்திக்கீரை சோற்றைப் போன்றதன்று; புரதமும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்த அருமையான தழைத்தீவனம் அது. ஆனால் அமாவாசை காலையில் வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கு இரண்டு கட்டு என்று வாசலில் கட்டியிருக்கும் அதே மூன்று மாடுகளுக்கு நீட்டுகிறார்கள். வெறும் வயிற்றில் ஈரமான பயறுவகைத் தழையை அளவுக்கு மேல் தின்றால் நுரைத்த வாயு வெளியேற வழியின்றி இடது விலாப்பக்கம் முரசுபோல் உப்பிக்கொள்ளும். கவனிக்காவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். பின்கொட்டகையில் இருக்கும் அறுபது மாடுகளுக்கு அன்று ஓர் இலைகூடக் கிடைத்திருக்காது.

அன்றாடத் தேவை என்ன என்றால், 300 கிலோ எடையுள்ள, கறவையில் இல்லாத மாட்டுக்கு ஈரம் நீக்கிய கணக்கில் 6, 7 கிலோ தீவனம் வேண்டும். இது ஏறத்தாழ 15 கிலோ பசுந்தீவனமும் 4 கிலோ வைக்கோலும் சேர்ந்த அளவு. இதோடு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையும் சிறிது சாதாரண உப்பும் கொடுக்க வேண்டும். பல கோசாலைகளில் வைக்கோல் மட்டுமே போடுகிறார்கள். வைக்கோலில் புரதம் மிகவும் குறைவு என்பதால், வயிறு நிறைந்து தொங்க, முதுகும் புட்டமும் ஒட்டிப்போன மாடுகளை அங்கே காண்கிறோம். அது வயிறு நிறைந்த பட்டினி. கம்பு நேப்பியர் கோ-4 புல்லை நல்ல நீர்வளத்தில் பயிரிட்டால் ஏக்கருக்கு ஆண்டில் 150 டன் வரை அறுக்கலாம். கோடை வறட்சி, கிணற்றின் நிலை, கழிவு எல்லாவற்றையும் மனத்தில் வைத்து ஓர் ஏக்கர் 15 முதல் 20 மாடுகளைத் தாங்கும் என்று நான் எண்ணிக்கொள்வது வழக்கம். வரப்பில் வேலிமசாலும் அகத்தியும் முருங்கையும் நின்றால் புரதத்துக்குப் பிண்ணாக்கை நம்ப வேண்டியதில்லை. சோளம் பயிரிடும் கோசாலைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மழையின்றி வாடிய இளஞ்சோளத்திலும் அறுத்தபின் துளிர்க்கும் மறுதாம்பிலும் நச்சு மிகுந்திருக்கும், பூக்கும் பருவத்துக்கு முன் அதை மாட்டுக்குப் போடக் கூடாது.

தெருவிலிருந்து வரும் மாடுகளின் வயிற்றில் தீவனத்துக்கே இடமில்லாமல் போயிருப்பதும் உண்டு. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். 2021-இல் ஹரியானாவின் ஃபரீதாபாத்தில் எடுத்தது 71 கிலோ. நன்றாகத் தின்றும் மெலிந்துகொண்டே போய், இடது விலாப்பக்கம் அழுத்தினால் பிசைந்த மாவுபோல் குழியும் மாட்டுக்கு இந்தச் சந்தேகம் வர வேண்டும். கோசாலைக்குள் பாலித்தீன் பையோடு யாரும் நுழையக் கூடாது என்ற விதி வாசலிலேயே நடைமுறையாக வேண்டும். வாழைப்பழத்தைப் பையோடு சேர்த்து நீட்டுகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் கெடுக்கக்கூடிய ஒன்று எண்ணிக்கை. பெரும்பாலான கோசாலைகளின் துன்பம் கருணைக் குறைவால் வருவதன்று, வருகிற மாட்டை வேண்டாம் என்று சொல்ல முடியாததால் வருவது. ஐம்பது மாட்டுக்குக் கட்டிய கொட்டகையில் நூற்றிருபது மாடுகளை அடைக்கும்போது, புதிதாக வந்த ஒன்றைக் காப்பாற்றிய நிறைவு பொறுப்பாளருக்குக் கிடைக்கிறது. அதன் விலையை ஏற்கெனவே உள்ள நூற்றிருபதும் கொடுக்கின்றன. ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் மாநகராட்சியின் ஹிங்கோனியா கோசாலையில் 2016-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நடந்தது இதன் கொடிய எடுத்துக்காட்டு. ஆயிரக்கணக்கான மாடுகள் அடைபட்டிருந்த அந்த இடத்தில், கூலி கிடைக்காத ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய, சாணமும் மழைநீரும் சேர்ந்து சேறாகி, அதில் சிக்கி எழ முடியாமலும் பசியாலும் இரண்டு வாரங்களில் ஐந்நூறு மாடுகள் வரை இறந்ததாகச் செய்திகள் வெளியாயின. அதன்பின் நிர்வாகம் ஒரு தொண்டு அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. மாட்டுக்காரரின் கூலியும் விலங்குநலக் கணக்கில் சேர்ந்தது என்பதை அந்த நிகழ்ச்சிக்குப் பிறகாவது நாம் உணர்ந்திருக்க வேண்டும். நன்கொடை கொட்டகைக்கும் தீவனத்துக்கும் எளிதாகக் கிடைக்கிறது, அதிகாலை நான்கு மணிக்குச் சாணம் அள்ளுகிறவரின் சம்பளத்துக்குக் கிடைப்பதில்லை.

எண்ணிக்கை வெளியிலிருந்து மட்டும் கூடுவதில்லை. காயடிக்காத காளைகளும் கிடேரிகளும் ஒரே முற்றத்தில் திரியும் கோசாலை, தன் இடநெருக்கடியைத் தானே பெருக்கிக்கொள்கிறது. சினை பிடிக்கக்கூடிய பசுக்கள் நாற்பது இருந்தால் ஆண்டுக்கு இருபத்தைந்து கன்றுகளாவது பிறக்கும். அவற்றில் பாதி காளைக்கன்று. மூன்றாம் ஆண்டில் அந்தக் கிடேரிகளும் தாயாகும். தந்தையே மகளோடு கூடுவதால் நலிந்த கன்றுகள் பிறப்பதும், சிறு கிடேரி உடல் முதிராமல் சினையாகிக் கன்று ஈன முடியாமல் இறப்பதும் உண்டு. காளைகளைத் தனியே பிரிப்பதும், கன்றுப் பருவத்திலேயே கால்நடை மருத்துவரைக் கொண்டு மரத்துப்போகும் ஊசி போட்டுக் காயடிப்பதும் கோசாலையின் அடிப்படை நடைமுறைகளாக வேண்டும். கோசாலையில் இனப்பெருக்கத்தை நிறுத்துவது பாவம் என்று என்னிடம் வருந்திக் கேட்ட அறங்காவலர்கள் உண்டு. பிறக்கப்போகும் கன்றுக்கு நிற்க இடமும் நாளைய தீவனமும் இல்லை என்று தெரிந்தே அதைப் பிறக்க விடுவதுதான் எனக்குப் பெரிய பாவமாகத் தெரிகிறது.

நேர்த்திக்கடன் கன்றுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிறந்து பத்து நாள் ஆன காளைக்கன்றைத் தாயிடமிருந்து பிரித்துக் கோவிலில் விட்டுப் போகிறார்கள். பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்காத கன்றுக்குப் போதிய நோய் எதிர்ப்பாற்றல் கிடைப்பதில்லை. பால்குடி மறக்காத கன்றுக்குக் கோசாலையில் பாலூட்ட ஆளில்லை. கழிச்சல் வந்து ஒரு மாதத்தில் அது இறந்துவிடுகிறது. கன்று ஆறு மாதம் வரை தாயோடு இருந்து, தடுப்பூசி போட்டு, அதன் ஓராண்டுப் பராமரிப்புச் செலவோடு வந்தால்தான் ஏற்போம் என்று கோவில் அறிவிப்பதில் தெய்வக் குற்றம் ஏதும் இல்லை. கோசாலையில் பால் கறக்கிறார்கள் என்றால், கன்றுக்கு விட்டது போக மிச்சத்தைத்தான் கறக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

நோய்த்தடுப்பில் சொல்ல அதிகமில்லை, செய்வதில்தான் குறை. புதிதாக வரும் மாட்டை மூன்று வாரமாவது தனியே வைத்துக் கவனித்த பிறகே கூட்டத்தில் சேர்க்க வேண்டும். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் மழைக்கு முன்பும் தடுப்பூசி, காலமுறையில் குடற்புழு நீக்கம், உண்ணியை மாட்டின்மேல் மட்டுமின்றிச் சுவர் வெடிப்பிலும் அழிப்பது ஆகியவை தவறாமல் நடக்க வேண்டும். 2022-இல் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் தோல் கழலை நோய் பரவியபோது நெரிசலான கோசாலைகள் பட்ட பாடு இதற்குப் போதுமான பாடம். கருச்சிதைவு நோயும் காசநோயும் மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றுபவை. கருச்சிதைந்து விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் அள்ளச் சொல்லிப் பணியாளரை அனுப்பக் கூடாது, காய்ச்சாத பாலை யாரும் அருந்தவும் கூடாது.

படுத்துவிட்ட மாட்டை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய அளவுகோல். எழ முடியாத மாட்டை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் போட வேண்டும். ஓரடி கனத்துக்கு மணலோ வைக்கோலோ பரப்பி, பக்கவாட்டில் சாய்ந்து கிடக்க விடாமல் மூட்டை வைத்து அண்டக்கொடுத்து, நெஞ்சை ஊன்றி உட்காரும் நிலையில் வைக்க வேண்டும். நிழலும் வாய்க்கெட்டும் தூரத்தில் தண்ணீரும் வேண்டும். வலை கட்டாவிட்டால் காக்கைகள் உயிரோடிருக்கும் மாட்டின் கண்ணையும் புண்ணையும் கொத்தும். இதை எழுதுவதற்கே வருத்தமாக இருக்கிறது, ஆனால் நான் பலமுறை பார்த்தது. வலி நீக்கும் மருந்து கொடுப்பது மருத்துவரின் கடமை. அதில் டைக்ளோபினாக் 2006-லிருந்தும், கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் இரண்டும் 2023-லிருந்தும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டவை, ஏனென்றால் அந்த மருந்து தங்கிய சடலத்தைத் தின்னும் பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிகின்றன. நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளை எண்ணியாவது மெலாக்சிகம் போன்ற மாற்றைக் கேட்டுப் பெற வேண்டும்.

பல நாள் சிகிச்சைக்குப் பிறகும் மீள வழியில்லை, வலி மட்டுமே மிஞ்சியிருக்கிறது என்று மருத்துவர் முடிவு செய்யும்போது கருணைக்கொலையை என்ன செய்வது என்ற கேள்வி எழும். 1960 சட்டத்தின் 13-ஆவது பிரிவு, துன்பத்தில் வாட விடுவது கொடுமை என்ற நிலையில் அதற்கு வழி வைத்திருக்கிறது. பசுவின் விஷயத்தில் இதை ஏற்க மனம் வராதவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அதை ஏற்காத நிர்வாகம், கடைசி மூச்சு வரை வலி மருந்தும் பக்கம் மாற்றிப் போட இரவிலும் ஓர் ஆளும் தருவதற்குக் கடமைப்பட்டது. இரண்டையும் செய்யாமல் இயற்கையாகப் போகட்டும் என்று விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

நேரில் பார்ப்பதோடு பதிவேட்டையும் கேளுங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் காதில் 12 இலக்க எண் கொண்ட அடையாள வில்லை இருக்க வேண்டும். வந்த நாள், பிறப்பு, சிகிச்சை, இறப்பு, இறப்பின் காரணம் ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். கடந்த ஆண்டு எத்தனை மாடுகள் இறந்தன என்று கேட்டால் நல்ல கோசாலை தயங்காமல் எண்ணைச் சொல்லும். வயதான மாடுகள் வாழும் இடத்தில் இறப்பு இருக்கத்தான் செய்யும். இறப்பே இல்லை என்று சொல்லும் இடத்தில்தான் நான் மேலும் கேள்விகள் கேட்பேன்.

உங்கள் குடும்பத்தின் தொகையைப் பற்றி என் கருத்து இது. புதிதாக ஒரு மாட்டைத் தானமாகக் கொடுக்காதீர்கள். இருக்கும் மாடுகளில் இரண்டு மூன்றின் ஓராண்டுத் தீவனச் செலவையோ, பணியாளர் ஒருவரின் சில மாதச் சம்பளத்தையோ, முற்றத்துக்கு மணல் கொட்டும் செலவையோ ஏற்றுக்கொண்டு, எதற்காகக் கொடுத்தீர்கள் என்பதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். அமாவாசை அகத்தியை விட வேண்டியதில்லை. முதல் நாள் மாலையே பொறுப்பாளரிடம் கட்டுகளை ஒப்படைத்துவிட்டால், அவர்கள் அதை நறுக்கி, காலையில் மாடுகள் வைக்கோல் தின்ற பிறகு, தலைக்கு இரண்டு மூன்று கிலோவுக்கு மிகாமல், பின்கொட்டகை வரை எல்லா மாடுகளுக்கும் பகிர்ந்து போட முடியும். உங்கள் கையாலேயே கொடுக்க வேண்டும் என்று விரும்பினால், அந்தக் கடைசி வரிசையில் நிற்கும் நோஞ்சான் மாட்டிடம் ஒரு பிடியை எடுத்துக்கொண்டு போங்கள்.